செம்மண் ஏடு – 23: மூன்றாவது செட்

சென்ற வாரம் 1983 ஜூன் மாதத்தில் நிறுத்தியிருந்தோம். மார்செல் பெர்னார்டுக்குப் பிறகு 37 ஆண்டுகள் காத்துக்கிடந்த பிரெஞ்சு ரசிகர்களுக்கு யானிக் நோவா பட்டத்தை வென்று கொடுத்தார். பார்வையாளர் வரிசையிலிருந்து அவருடைய அப்பா இறங்கி ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டார். பாரிஸின் ஏக்கம் அன்றோடு தீர்ந்தது. ஆனால் ரோலண்ட் காரோஸ் வெற்றியாளர் பட்டியலில் இன்னொரு நாட்டின் ஏக்கம் அப்படியே கிடந்தது. 1955-ல் டோனி டிராபர்ட் கோப்பையைத் தூக்கிய பிறகு எந்த அமெரிக்க ஆணின் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. விம்பிள்டனை வென்றார்கள், அமெரிக்க ஓபனை வென்றார்கள், டேவிஸ் கோப்பையைத் திரும்பத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பாரிஸின் செம்மண் மட்டும் 29 ஆண்டுகளாகக் கை கொடுக்கவில்லை.

1984 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை. வெயில் கொளுத்திய நடுக்களத்தில் ஜான் மெக்கன்ரோ முதல் செட்டை 6-3 என்றும் இரண்டாவதை 6-2 என்றும் எடுத்துவிட்டார். வயது 25. அந்த ஆண்டு பிறந்ததிலிருந்து ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல், தொடர்ந்து 42 வெற்றிகளோடு இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தார். அரையிறுதியில் ஜிம்மி கானர்ஸை 7-5, 6-1, 6-2 என்று ஓரங்கட்டியிருந்தார். எதிரில் நின்றவர் செக்கோஸ்லோவாக்கியாவின் இவான் லெண்டல். அதற்கு முன் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதி ஆட்டங்களில் ஆடி நான்கிலும் தோற்றவர். முக்கியமான நேரத்தில் மனம் தளர்ந்துவிடுபவர் என்று பத்திரிகைகள் முத்திரை குத்தியிருந்தன. சில வாரங்களுக்கு முன்புதான் ஃபாரஸ்ட் ஹில்ஸ் இறுதி ஆட்டத்தில், அதுவும் களிமண் தரையில், மெக்கன்ரோ அவரை நேர் செட்டுகளில் வீழ்த்தியிருந்தார். இன்னும் ஒரே ஒரு செட். 29 ஆண்டுக் கணக்கு முடிந்துவிடும்.

முடியவில்லை. 3-6, 2-6, 6-4, 7-5, 7-5 என்று லெண்டல் வென்றார். ஏன்?

*

இந்தக் கேள்விக்கு டென்னிஸ் உலகம் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறது. மூன்றாவது செட்டின் தொடக்கத்தில், களத்தின் ஓரத்தில் இருந்த தொலைக்காட்சிக் கேமராக்காரர் தன் ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்தார். அதிலிருந்து யாரோ கட்டளையிடும் குரல் கீச்கீச்சென்று கேட்டுக்கொண்டே இருந்தது. மெக்கன்ரோ நேராக அங்கே போனார். ஹெட்போனைப் பிடித்து அதற்குள் கத்தினார். அதுவரை அவர் பக்கம் இருந்த கூட்டம் அந்த நொடியிலிருந்து லெண்டலின் பக்கம் சாய்ந்தது, மெக்கன்ரோவின் கவனம் சிதறியது, ஆட்டம் கைமாறியது. இப்படித்தான் அந்த நாளின் கதை நாற்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. மெக்கன்ரோவே தன் சுயசரிதையில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தத் தோல்வி தன் தூக்கத்தை இன்னும் கெடுப்பதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நடந்ததில் பொய் இல்லை. ஆனால் நடந்தது வேறு, காரணம் வேறு. மெக்கன்ரோ கோபப்பட்டுத் தோற்றார் என்பது உண்மையானால், அவர் கோபப்பட்டு வென்ற ஆட்டங்களை என்ன செய்வது? 1981 விம்பிள்டனில் முதல் சுற்றிலேயே நடுவரோடு அவர் போட்ட சண்டை உலகப் பிரசித்தம். அந்தப் போட்டியின் கடைசியில் பியான் போர்க்கை வீழ்த்திப் பட்டம் வென்றவரும் அவரே. கோபம் அவருக்கு அன்றாடம். ஒவ்வொரு தரையிலும், ஒவ்வொரு ஊரிலும் அவரோடு கூடவே வந்த ஒன்றை, ஒரே ஒரு நாளின் தோல்விக்கு மட்டும் காரணமாகக் காட்டுவது சரியான வழக்கு ஆகாது. அன்றைக்கு மட்டும் மாறியிருந்த ஒன்றைத் தேட வேண்டும். அது தரையிலும், அந்தத் தரையில் ஆடவேண்டிய செட்டுகளின் எண்ணிக்கையிலும் இருக்கிறது என்பது என் கருத்து.

*

இன்னொரு பதிலும் அந்தக் காலத்தில் உலவியது: அமெரிக்கர்களுக்குக் களிமண்ணில் ஆடத் தெரியாது, அவ்வளவுதான் என்று. இது முதல் பார்வைக்கு நியாயமாகத் தெரியும். 1957-ல் ஹெர்பி ஃபிளாம், 1976-ல் ஹெரால்ட் சாலமன், 1977-ல் பிரையன் காட்ஃபிரைட், 1980-ல் விட்டாஸ் ஜெருலைட்டிஸ் என்று நான்கு பேர் இறுதிவரை வந்து நான்கு பேரும் தோற்றார்கள். காட்ஃபிரைட்டுக்கு கியேர்மோ விலாஸ் விட்டுக்கொடுத்தது மூன்றே மூன்று கேம்கள்.

ஆனால் அதே பட்டியலின் பெண்கள் பக்கத்தைப் புரட்டினால் இந்தப் பதில் நிற்காது. ஆண்கள் வறண்டுகிடந்த அதே ஆண்டுகளில் ஆல்தியா கிப்சன், டார்லின் ஹார்ட், நான்சி ரிச்சி, பில்லி ஜீன் கிங் ஆகிய அமெரிக்கப் பெண்கள் பாரிஸில் பட்டம் வென்றார்கள். கிறிஸ் எவர்ட் 1984-க்குள்ளேயே ஐந்து முறை வென்றிருந்தார். பின்னர் அதை ஏழாக்கினார். எவர்ட் ஆட்டம் கற்றது ஃபுளோரிடாவில், தன் தந்தை பயிற்சி கொடுத்த பொதுப் பூங்காவின் களிமண் தரைகளில். 1973 ஆகஸ்ட் முதல் 1979 மே வரை களிமண்ணில் தொடர்ந்து 125 ஆட்டங்களை வென்றவர் அவர். அமெரிக்காவில் களிமண் இல்லாமல் இல்லை. நிறம் பச்சை, கொஞ்சம் வேகம் கூட, அவ்வளவே. அமெரிக்க ஓபனே 1975 முதல் 1977 வரை அந்தப் பச்சைக் களிமண்ணில்தான் நடந்தது. 1976-ல் அங்கே போர்க்கையே கானர்ஸ் வீழ்த்தினார். மெக்கன்ரோவும் இதற்கு விலக்கல்ல. 1977-ல் ரோலண்ட் காரோஸின் சிறுவர் பட்டம் அவருடையது. மறு ஆண்டு அதே பட்டத்தை வென்ற சிறுவன் லெண்டல். அதற்கு மறு ஆண்டு, 1979-ல், வென்றவர் நம் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன். பந்து மெதுவாக எழும்பும் அந்தத் தரை மெக்கன்ரோவுக்குப் புதிதல்ல.

அப்படியானால் அந்த 29 ஆண்டுகளில் பெரும்பகுதி எப்படிப் போயிற்று? ஆடத் தெரியாமல் போகவில்லை, ஆளே வராமல் போயிற்று. 1968 வரை, பணத்துக்கு ஆடும் தொழில்முறை வீரர்களுக்குக் கிராண்ட்ஸ்லாம் கதவுகள் மூடியே இருந்தன. 1955-ல் வென்ற டிராபர்ட்டே அந்த ஆண்டோடு தொழில்முறைக்கு மாறினார். 1956-ல் இதே ரோலண்ட் காரோஸில் நடந்த தொழில்முறைப் போட்டியில் பாஞ்சோ கொன்சாலெஸை வீழ்த்திப் பட்டமும் வென்றார். அந்த இறுதி ஆட்டத்தில் ஆடிய இருவருமே அமெரிக்கர்கள். ஆனால் அது வேறு பட்டியல். பிறகு கதவு திறந்தது, உடனே இன்னொன்று மூடியது. 1974-ல் கானர்ஸ் மற்ற மூன்று கிராண்ட்ஸ்லாம்களையும் வென்றார். பாரிஸுக்கு வர அவரை அனுமதிக்கவில்லை. 'வேர்ல்ட் டீம் டென்னிஸ்' என்ற அமெரிக்கக் குழுப் போட்டியில் கையெழுத்திட்டிருந்தார் என்பதே குற்றம். பிரெஞ்சு டென்னிஸ் சம்மேளனத் தலைவர் பிலிப் சாத்ரியே அதில் உறுதியாக நின்றார். கானர்ஸ் கோபித்துக்கொண்டு 1979 வரை அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. அவருடைய உச்சக்காலம் அப்படியே கழிந்தது.

ஆகவே 1984 தனியான ஆண்டு. உலகின் முதல்நிலை வீரர், அமெரிக்கர், தன் வாழ்நாளின் உச்ச ஆட்டத்தோடு, தடையோ பிணக்கோ எதுவும் இல்லாமல் பாரிஸின் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தார். இத்தனையும் ஒன்றாகக் கூடியது டிராபர்ட்டுக்குப் பிறகு அதுவே முதல் முறை. அதனால்தான் அந்த மூன்றாவது செட்டை இவ்வளவு நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

*

ரோலண்ட் காரோஸின் செந்நிறம் தோல் அளவுதான். செங்கலைப் பொடித்து மேலே தூவியிருக்கும் செந்தூள் இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூடத் தேறாது. அதன் கீழே இருப்பது வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பொடி. அதற்கும் கீழே நிலக்கரிக் கசடு, சரளை, கற்கள். பந்து அந்தத் தூளில் விழும்போது ஒரு நொடியின் சிறு துணுக்கு அளவு பிடிபட்டு, முன்வேகத்தில் ஒரு பகுதியை இழந்து, மேல்நோக்கி எழும்புகிறது. புல்தரையில் பந்து வழுக்கித் தாழ்வாக ஓடும். இங்கே இடுப்புக்கும் தோளுக்கும் எழுந்து நிற்கும். எதிராளிக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஒரு எட்டு வைக்கும் நேரம்தான். ஆனால் சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடிவருபவரின் பிழைப்பே எதிராளிக்கு அந்த ஒரு எட்டைக் கொடுக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது.

மெக்கன்ரோவின் ஆட்டத்தில் ஒரு புள்ளி எப்படி நடந்தது என்று பாருங்கள். இடது கையால் வெளிப்பக்கம் வளைந்துபோகும் சர்வீஸ். உடனே முன்னோக்கிப் பாய்ச்சல். நடுவழியில் இரண்டு கால்களையும் ஊன்றி ஒரு நிறுத்தம். முழங்காலை மடித்துத் தாழ்ந்து முதல் வாலி. வலையை ஒட்டி இரண்டாவது வாலி. புல்லில் இது இரண்டு அடியில் முடிந்துவிடும். செம்மண்ணில் முதல் வாலி சாகாமல் எழும்பி நிற்கும். எதிராளி எட்டிப் பிடித்துத் திருப்புவார். மூன்றாவது, நான்காவது என்று நீளும். நடுவில் ஒரு லாப் வந்தால் திரும்பிப் பின்னோக்கி ஓட வேண்டும். அதுவும் சறுக்கும் தூளின் மேல். வலையை நோக்கிய ஒவ்வொரு ஓட்டமும் வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி. வாங்கிய அன்று தெரியாது. முதல் இரண்டு செட்டுகளில் மெக்கன்ரோ ஆடியது களிமண்ணில் அதுவரை எவரும் அரிதாகவே பார்த்திருந்த தாக்குதல் ஆட்டம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது செட்டில் லெண்டல் வசூலிக்கத் தொடங்கினார்.

எப்படி என்பதும் முக்கியம். அவர் அடியின் வேகத்தைக் கூட்டவில்லை. அடியின் திசையையும் உயரத்தையும் மாற்றினார். வலைக்கு வந்து நிற்பவரின் தலைக்கு மேல் மேல்சுழலோடு லாப்களை அனுப்பினார். தரையில் பட்டதும் அந்தப் பந்துகள் பின்கோட்டைத் தாண்டி ஓடும். துரத்திப் பிடிக்க முடியாது. லாப்புக்குப் பயந்து வலையிலிருந்து ஓர் அடி பின்வாங்கி நின்றால், பேக்ஹேண்டில் குறுக்காக ஒரு பந்து பக்கத்தில் கடந்துபோகும். நிற்கும் இடம் ஓர் அடி மாறினால் வாலி முழங்காலுக்குக் கீழே வரும்; முழங்காலுக்குக் கீழே வரும் வாலியை எடுக்கக் கால்கள் மடிய வேண்டும்; கால்களோ இரண்டு மணி நேரமாக ஓடியவை. ஹெட்போன் சம்பவத்தைச் சொல்லும் எவரும் இந்த ஓர் அடியைச் சொல்வதில்லை.

என் வாதத்துக்கு மிக வலுவான சாட்சி முந்தைய நாளே அதே களத்தில் கிடைத்திருந்தது. ஜூன் 9, சனிக்கிழமை, பெண்கள் இறுதி ஆட்டம். ஆடிய இருவரும் அமெரிக்கக் குடியுரிமை கொண்டவர்கள். மார்ட்டினா நவரத்திலோவாவும் இடது கைக்காரர். அவரும் சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடுபவர். எதிரில் களிமண்ணின் ராணியான எவர்ட். நவரத்திலோவா வென்றார்: 6-3, 6-1. மறுநாள் முதல் இரண்டு செட்டுகளில் மெக்கன்ரோ எடுத்தது 6-3, 6-2. ஒரே தரை, ஒரே பாணி, ஒரு கேம் வித்தியாசத்தில் ஒரே கணக்கு. பெண்கள் ஆட்டத்தின் விதிப்படி எண்ணினால் அந்த ஞாயிற்றுக்கிழமை மெக்கன்ரோ சாம்பியன். வலைக்கு ஓடும் ஆட்டத்தால் செம்மண்ணை வெல்ல முடியாது என்பதல்ல. இரண்டு செட் தூரம்வரை அது வெல்லும் என்பதை இருவரும் அடுத்தடுத்த நாட்களில் காட்டிவிட்டார்கள். ஆண்களுக்கு அதற்கு மேலும் தூரம் இருந்தது.

*

மறுப்புகள் உண்டு. நோவாவும் வலைக்கு ஓடுபவர்தானே, அவர் முந்தைய ஆண்டு ஐந்து செட் விதியில் வென்றாரே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் எப்படி வென்றார் என்று பார்க்க வேண்டும். அந்தப் போட்டி முழுவதிலும் நோவா இழந்தது ஒரே ஒரு செட். இறுதி ஆட்டத்தில் மாட்ஸ் விலாண்டரை 6-2, 7-5, 7-6 என்று முடித்தார். கடன் முற்றுவதற்குள் கடையைச் சாத்திவிட்டார். அவர் இழந்த அந்த ஒரு செட்டும் காலிறுதியில் லெண்டலிடம்தான், அதுவும் மூன்றாவது செட். நான்காவதை 6-0 என்று எடுத்ததால் பிழைத்தார். லெண்டல் அந்த ஆண்டு ஐந்தாவது செட் வரை இழுக்கத் தெரியாமல் இருந்தார். மறு ஆண்டு தெரிந்துகொண்டார்.

ராட் லேவரைச் சொல்லி மறுப்பவர்களுக்குப் பதில் சொல்வது இன்னும் கடினம். 1962 இறுதி ஆட்டத்தில் ராய் எமர்சனிடம் லேவர் இழந்த முதல் இரண்டு செட்டுகளின் கணக்கு 3-6, 2-6. லெண்டல் இழந்த அதே கணக்கு. தாக்கி ஆடும் லேவர் அங்கிருந்து எழுந்து ஐந்து செட்டில் வென்றார். அப்படியானால் ஓடுபவரின் கால்கள் தாங்கத்தானே செய்தன? தாங்கின. ஆனால் வலைக்கு அந்தப் பக்கம் நின்ற எமர்சனும் வலைக்கு ஓடும் ஆஸ்திரேலியப் பள்ளியைச் சேர்ந்தவரே. இருவரும் ஒரே வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள். யார் முதலில் திவாலாவது என்பதுதான் அங்கே போட்டி. 1984-ல் ஒருவர் மட்டுமே கடன்காரர். மற்றவர் பின்கோட்டில் நின்றுகொண்டு, மரச்சட்டத்தைவிட விறைப்பான புதுக் காலத்து ராக்கெட்டால் பந்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். இந்த விளக்கம் லேவரின் பெருமையைக் குறைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் நின்று ஆடவும் அவருக்குத் தெரியும், அதனால்தான் பாரிஸில் இரண்டு முறை வென்றார்.

மூன்றாவது மறுப்பு எண்களிலிருந்து வருகிறது. நான்காவது செட்டில் மெக்கன்ரோ 4-2 என்று முன்னிலையில் இருந்தார். இன்னும் இரண்டு கேம். கால்கள் தளர்ந்தவர் எப்படி அங்கே வந்தார்? இது நியாயமான கேள்வி. அவர் தோற்றே தீர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஒன்றிரண்டு பந்துகள் வேறு பக்கம் விழுந்திருந்தால் இந்தப் பகுதிக்கே வேறு தலைப்பு. நான் சொல்வது இவ்வளவுதான்: முதல் செட்டில் அவருக்குச் சாதகமாக இருந்த அதே ஆட்டம், ஒவ்வொரு கேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக லெண்டலுக்குச் சாதகமாகிக்கொண்டே போனது. 4-2 என்பது அந்தச் சரிவின் நடுவில் இருந்த ஒரு புள்ளி. அங்கிருந்து செட் 7-5 என்று லெண்டலுக்குப் போனது. ஐந்தாவதிலும் மெக்கன்ரோ 5-6 வரை விடாமல் பிடித்து நின்றார். கடைசிப் பந்தில் அவர் வலைக்கு ஓடிவந்தார். நான்கு மணி நேரத்துக்கும் மேலாக வேறு எதையும் நம்பாதவர் அப்போதும் அதைத்தான் செய்தார். எட்டிப்போய் அடித்த வாலி பக்கக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. முதல் செட்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கக்கூடிய வாலி அது.

*

அதற்குப் பிறகு மெக்கன்ரோ விம்பிள்டனை வென்றார். செப்டம்பரில் அமெரிக்க ஓபன் இறுதி ஆட்டத்தில் இதே லெண்டலை நேர் செட்டுகளில் நசுக்கினார். ஆண்டு முடிவில் அவர் கணக்கு 82 வெற்றி, 3 தோல்வி. அந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. ஒன்று, பாரிஸில் லெண்டலிடம். ஒன்று, சின்சினாட்டியில் நம் விஜய் அமிர்தராஜிடம். மற்றொன்று, டிசம்பரில் ஸ்வீடனில் நடந்த டேவிஸ் கோப்பை இறுதியில் ஹென்ரிக் சுண்ட்ஸ்ட்ரோமிடம். உள்ளரங்கில் போட்ட தரை, களிமண். ஓர் ஆண்டின் மூன்று தோல்விகளில் இரண்டு களிமண்ணில். அங்கே ஹெட்போன் எதுவும் கத்தவில்லை.

பாரிஸில் இன்னொரு இறுதி ஆட்டத்தை மெக்கன்ரோ பார்க்கவில்லை. லெண்டலோ 1986, 1987 என்று மேலும் இரண்டு முறை வென்று, அந்தச் செம்மண்ணில் எவரும் எளிதில் நெருங்க முடியாத கோட்டையாக எழுந்து நின்றார். டிராபர்ட்டின் 1955 இன்னும் பின்னே போனது: 30 ஆண்டு, 32 ஆண்டு, 33 ஆண்டு.

1984-ன் அந்த ஞாயிற்றுக்கிழமையில், தைவானிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஒரு குடும்பத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். சர்வீஸில் வேகம் இல்லாதவன், வலைக்கு ஓடாதவன், உயரமும் போதாதவன். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1989 ஜூன் 5-ல், நான்காவது சுற்றில் அதே களத்தில் லெண்டலின் எதிரில் அவன் நின்றபோது இரண்டு செட் பின்தங்கியிருந்தான். மெக்கன்ரோவுக்கு லெண்டல் செய்ததை லெண்டலுக்கே திருப்பிச் செய்ய வேண்டிய இடம். அங்கிருந்து ஐந்தாவது செட் வரை இழுத்துக்கொண்டும் வந்துவிட்டான். ஆனால் தொடை பிடித்துக்கொண்டு நிற்கவே முடியாமல், புள்ளிக்குப் புள்ளி நடுவில் தள்ளாடினான். சர்வீஸ் போடும் முறை வந்தது. பந்தை மேலே தூக்கிப் போடுவதற்குப் பதில், இடுப்புக்குக் கீழே கையைத் தாழ்த்தினான். உலகின் முதல்நிலை வீரருக்கு எதிராக அப்படி ஒரு சர்வீஸைப் போட அந்த 17 வயதுப் பையனுக்கு எப்படித் தோன்றியது?

(தொடரும்)